எந்த ஒயில் ஊற்றினால் கார் இழுக்கும்?

ஒயில் மாற்றிவிட்டுக் கராஜ் வாசலைத் தாண்டியதும் எல்லோர் வாயிலும் வருவது ஒரே வசனம்: "இப்ப சும்மா பறக்குது." என்ன ஒயில் ஊற்றினார்கள் என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் பிராண்டின் பெயரைச் சொல்வார்கள். போத்தலில் பெரிதாக அச்சடித்திருக்கும் அந்த இரண்டு இலக்கங்களைச் சொல்ல மாட்டார்கள். வித்தியாசம் என்று ஒன்று இருந்தால் அது முதலில் அந்த இலக்கங்களில்தான் இருக்க வேண்டும், பெயரில் அல்ல.

என்னிடம் இருப்பது 121 கொரோலா. 1.5 லீற்றர் எஞ்சின், ஐந்து கியர் மனுவல். புதிதாக வந்தபோது நூற்றுப்பத்துக் குதிரைவலுவை ஒட்டி இருந்திருக்கும். இத்தனை வருடக் கொழும்பு ஓட்டத்துக்குப் பிறகு எவ்வளவு மிச்சம் என்பது வேறு கதை. ஒவ்வொரு ஒயில் மாற்றத்துக்கும் ஒரு தரமாக, 20-50 இல் தொடங்கி 0-20 வரை ஊற்றி ஓடியிருக்கிறேன். தொடக்கத்தில் வெறும் ஆர்வம். 2022க்குப் பிறகு பெற்றோல் கணக்கு. (20டபிள்யூ-50 என்பதுதான் முழுப் பெயர். கடையில் யாரும் நடுவிலுள்ள டபிள்யூவைச் சொல்வதில்லை, நானும் விட்டுவிடுகிறேன்.)

கேள்விக்குப் பதிலை முதலிலேயே சொல்லிவிடலாம். எஞ்சினுக்குப் பொருத்தமான தரங்களுக்குள் ஒரு ஒயிலுக்கும் இன்னொரு ஒயிலுக்கும் வலுவில் வரும் வித்தியாசம் அக்சிலேற்றரில் இருக்கும் காலுக்குத் தெரியாது. பொருத்தமில்லாத தரம், காலம் கடந்த ஒயில், அளவுக்கு மேல் ஊற்றிய ஒயில், இவை வலுவைத் தின்னும், அது தெரியும். தெமட்டகொடப் பக்கம் நான் காரைக் கொண்டுபோகும் கராஜில் உள்ள மெக்கானிக் நானா இதை என்னைவிடச் சுருக்கமாகச் சொல்வார்: "ஒயில் பவர் குடுக்காது தம்பி. பவர எடுக்கும். நல்ல ஒயிலெண்டா கொஞ்சமா எடுக்கும், அவ்வளவுதான்."

எவ்வளவு எடுக்கிறது? ஒரு மேலோட்டமான கணக்குப் போடலாம். 1.5 லீற்றர் பெற்றோல் எஞ்சின் 6000 சுற்றில் ஓடும்போது பிஸ்டன் வளையங்கள், கிராங் பெயரிங், கம் தண்டு, ஒயில் பம்ப் எல்லாமாகச் சேர்ந்து உராய்வுக்குக் கொடுப்பது ஏறக்குறைய பதினைந்து குதிரைவலு. அதில் ஒரு பகுதிதான் ஒயிலின் தடிப்பைப் பொறுத்தது. 40 தரத்திலிருந்து 20 தரத்துக்கு (போத்தலின் இரண்டாவது இலக்கம், கூடினால் ஒயில் தடிப்பு) இறங்கினால் அந்தப் பதினைந்தில் ஒன்று மிஞ்சும், அதிகம் போனால் ஒன்றரை. 30க்கும் 20க்கும் நடுவில் அதிலும் பாதி.

இந்த ஒரு குதிரைவலுவைக் கொழும்பில் மற்ற விடயங்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஏசி கொம்பிரசர் கொதிக்கிற மத்தியானத்தில் மூன்று முதல் ஐந்து வரை இழுக்கும். விடியற்காலை 25 பாகையில் இருந்த காற்று மத்தியானம் 33 ஆகும்போது, காற்றின் அடர்த்தி குறைவதால் மட்டும் எஞ்சின் நூற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டரை வரை விட்டுக்கொடுக்கிறது. ஒயிலை மாற்றிப் பெறுவதை வெயில் ஒரே வீச்சில் எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. ஆயிரத்துச் சொச்சம் கிலோ காரில் அறுபத்தைந்து கிலோ ஆள் ஒருவர் ஏறினால் வேகமெடுப்பதில் நூற்றுக்கு ஐந்தாறு குறையும். மலைக்குப் போனால் இன்னும் மோசம். நுவரெலியா நகரம் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஐந்தில் நாலு பங்குதான். காற்றை அமுக்கி ஊட்டும் டேர்போ இல்லாத எஞ்சின் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு வலுவைக் கொழும்பிலேயே விட்டுவிட்டுத்தான் அங்கு போய்ச் சேருகிறது. முதல் நாள் ஒயில் மாற்றி, அடுத்த நாள் ரம்பொடை ஏற்றத்தில் கார் இழுக்கவில்லை என்று ஒயிலைத் திட்டியவர்களைக் கண்டிருக்கிறேன்.

கணக்கு ஒரு பக்கம் இருக்கட்டும், ரோட்டில் என்ன நடக்கிறது என்று பார்க்க ஆசை விடவில்லை. கட்டுநாயக்க அதிவேகப் பாதை இதற்கு வாய்ப்பான இடம். 2013 இல் திறந்த பாதை, முத்துராஜவெலச் சதுப்பு நிலத்தின் வழியாகப் போவதால் ஏற்ற இறக்கம் மிகக் குறைவு, 100 வரை சட்டப்படி ஓடலாம். ஞாயிறு விடியற்காலை, ஏசியை நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றி, நாலாம் கியரில் 60 இலிருந்து முழுதாக மிதித்து 100 வரும்வரை எத்தனை வினாடி என்று பார்ப்பது. மச்சான் பக்கத்தில் இருந்து ஸ்பீட் மீற்றரைப் போனில் வீடியோ எடுப்பான். வீட்டுக்கு வந்து மெதுவாக ஓட்டிப் பார்த்தால் நேரம் துல்லியமாக வரும். போகும்போதும் திரும்பும்போதும் எடுத்துச் சராசரி பார்க்க வேண்டும், ஏனென்றால் காற்று ஒரு பக்கம் தள்ளும், மறுபக்கம் பிடிக்கும். டாங்கில் பெற்றோல் அரைவாசி, ரயர் அமுக்கம் ஒரே அளவு, அரை மணித்தியாலமாவது ஓடி ஒயில் நன்றாகச் சூடாகியிருப்பது, இதெல்லாம் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி. மச்சானின் நிறை மாறாமல் இருந்ததா என்பதற்கு மட்டும் நான் உத்தரவாதம் தர மாட்டேன்.

எல்லா ஒயிலுக்கும் பன்னிரண்டு வினாடியைச் சுற்றித்தான் வந்தது. 10-40, 5-30, 0-20 மூன்றுக்கும் இடையிலிருந்த வித்தியாசம், ஒரே ஒயிலோடு அடுத்தடுத்து ஓடியபோது வந்த வித்தியாசத்தைவிடச் சிறியது. வித்தியாசமே இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. என் முறையில் அது பிடிபடவில்லை, அவ்வளவுதான். வலுவை அளக்கும் டைனோ இயந்திரத்தில் ஏற்றினாலும் இதே தலையிடி உண்டு. ஒரே காரை அதே டைனோவில் உடனே மறுபடி ஓட்டினாலே நூற்றுக்கு ஒன்று அளவு கூடிக் குறையும். "இந்த ஒயிலால் இரண்டு குதிரைவலு கூடியது" என்று யாராவது ஒரேயொரு ஓட்டத்தின் வரைபடத்தைக் காட்டினால், அதே ஒயிலோடு ஓடிய அடுத்த வரைபடத்தையும் கேளுங்கள்.

20-50 மட்டும் ஒவ்வொரு தடவையும் ஒரு கால் வினாடி பிந்தியது. சின்னதுதான், ஆனால் தவறாமல் வந்தது. அதே பாதையில் 5-30 இருக்கும்போது ஏசியைப் போட்டு ஓடினேன். முக்கால் வினாடிக்குக் கிட்டப் போய்விட்டது. 20-50 என்ற தடித்த ஒயிலைவிட ஏசி சுவிட்ச் பெரிய எதிரி.

ஆனால் பறக்குது என்று சொல்கிறவர்கள் எல்லோரும் பொய் சொல்கிறார்களா? இல்லை. ஒயில் மாற்றும் நாளில் எயார் பில்டரை ஊதிப் போடுகிறார்கள், ரயருக்குக் காற்று அடிக்கிறார்கள், சில நேரம் பிளக்கையும் துப்புரவாக்குகிறார்கள். புது ஒயிலில் எஞ்சின் சத்தம் குறைகிறது. சத்தம் குறைந்தால் அதே வேகத்துக்கு எஞ்சின் கஷ்டப்படவில்லை என்று காது சொல்கிறது, கால் நம்பிவிடுகிறது. இதோடு காரைக் கழுவியும் தருவார்கள். கழுவிய கார் எப்போதும் நன்றாக ஓடும்.

இனி இலக்கங்கள். பஞ்சிகாவத்தையில் ஒரு கடை முதலாளி எனக்குச் சொன்னது: "நம்மட நாட்டுல பனியா கொட்டுது? முதல் நம்பர விடுங்க, ரெண்டாவது நம்பரப் பாருங்க." இதில் பாதி சரி. முதல் இலக்கமும் டபிள்யூவும் குளிர்காலத்துக்கானவை. 0டபிள்யூ என்றால் மறை 35 பாகையிலும், 20டபிள்யூ என்றால் மறை 15 பாகையிலும் எஞ்சின் சுற்றுமா என்று சோதித்திருக்கிறார்கள். நுவரெலியா ஜனவரிக்கும் அது எட்டாத உலகம். இரண்டாவது இலக்கம் 100 பாகைச் சூட்டில் ஒயில் எவ்வளவு தடிப்பு என்பது. பள்ளிக்கூடத்தில் பிசுக்குமை என்று படித்தோமே, அது. அமெரிக்க எஸ்ஏஈ நியமத்தில் 20 தரம் 6.9 முதல் 9.3 சென்ரிஸ்ரோக் (பிசுக்குமையின் அலகு) வரை, 30 தரம் 12.5 வரை, 40 தரம் 16.3 வரை, 50 தரம் 21.9 வரை.

முதலாளி விட்ட மற்றப் பாதி இதுதான்: மறை 35க்கும் 100க்கும் நடுவில் நம்முடைய காலை 27 பாகை இருக்கிறது. ஒயில் கம்பனிகள் வெளியிடும் தரவுத்தாளில் 40 பாகையில் உள்ள பிசுக்குமையையும் போடுவார்கள். அதைத் தேடிப் பார்ப்பது நல்லது. 0-20 ஒயில்கள் அங்கே பெரும்பாலும் 40 சென்ரிஸ்ரோக்கைச் சுற்றி நிற்கும். 20-50 ஒயில்கள் 150ஐத் தாண்டும். மூன்று மடங்குக்கு மேல். 27 பாகையில் இந்த இடைவெளி இன்னும் கூடும்.

வெள்ளவத்தையில் இருந்து பம்பலப்பிட்டிக்குப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுத் திரும்பும் ஓட்டத்தில் இது எங்கே வருகிறது என்றால், சூட்டு முள் ஐந்து நிமிடத்தில் நடுவுக்கு வந்துவிடும். அது தண்ணீரின் சூடு. ஒயில் அந்தச் சூட்டுக்கு வரப் பத்துப் பதினைந்து நிமிடம் எடுக்கும். காலி வீதியில் நின்று நின்று போனால் அதற்கும் மேல். அதாவது பள்ளிக்கூட ஓட்டம் முடியும்வரை எஞ்சின் தடித்த ஒயிலைத்தான் கடைந்துகொண்டிருக்கிறது. 20-50 இருந்த காலத்தில் காலையில் முதல் கியரில் வெளிக்கிடும்போது கார் ஒரு மந்தமாக இருக்கும், ஐடிலும் கனமாக இருக்கும். 5-30க்கு மாறியதும் அந்த மந்தம் போனது. என் காலுக்கு உண்மையாகவே தெரிந்த வித்தியாசம் இது ஒன்றுதான். அது நெடுஞ்சாலையில் அல்ல, வீட்டு ஒழுங்கையில் தெரிந்தது.

2022 இல் இந்த மந்தத்துக்கு விலை வந்தது. அந்த ஜூன் மாதக் கடைசியில் 92 ஒக்ரேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபா. ஜூலையில் பெற்றோல் பங்கீட்டுக்குக் கியூஆர் வந்தபோது காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர். எல்லோரும் வரிசையில் நின்றுகொண்டே சிக்கனத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்த காலம். நான் பார்த்த அளவில், நகர ஓட்டத்தில் 20-50 இலிருந்து 5-30க்கு வந்தபோது லீற்றருக்கு அரைக் கிலோமீற்றருக்குக் கொஞ்சம் குறைவாகக் கிடைத்தது. 20 லீற்றருக்கு எட்டுக் கிலோமீற்றர் என்று வையுங்கள். 5-30 இலிருந்து 0-20க்கு வந்தபோது கிடைத்ததை அளந்தேன் என்று சொல்ல மனம் வரவில்லை. ரயருக்கு இரண்டு இறாத்தல் காற்றுக் குறைந்தாலே அது மறைந்துபோகும்.

"அப்படியெண்டா எல்லாருக்கும் மெல்லிசு ஒயில்தானே நல்லது?" என்று மச்சான் கேட்டான். அவனுடையது அக்குவா ஹைபிரிட். அவனுக்கு ஆம். எல்லோருக்கும் அல்ல.

மெல்லிய ஒயிலுக்குப் பயப்படுகிறவர்கள் சொல்வது, "நம்மட சூட்டுக்குத் தாங்காது." இந்தப் பயத்துக்கு அடிப்படை குறைவு. ஆகஸ்ட் மாதத்தில் தோக்கியோவில் 35 பாகையைத் தாண்டும் நாட்கள் வழமையாக வரும். கொழும்பில் 35 வருவதே அரிது, இங்கே நம்மைக் கொல்வது ஈரப்பதன். எஞ்சினுக்கு ஈரப்பதன் தெரியாது, தேர்மோஸ்டாற்றும் ரேடியேற்றர் பேனும்தான் தெரியும். 0-20 என்று மூடியில் அச்சடித்த ஜப்பான் கார்கள் அந்த ஆகஸ்டிலும் ஓடத்தான் செய்யப்பட்டவை. பெயரிங் இடைவெளி, ஒயில் பம்ப், வளையங்களின் இழுவிசை எல்லாம் அந்தத் தடிப்பை எண்ணியே வடிவமைத்தவை.

பயப்பட வேண்டிய இடம் தேய்ந்த எஞ்சின். 100 பாகையில் உள்ள தடிப்பைவிட முக்கியமான இன்னொரு இலக்கம் இருக்கிறது. 150 பாகையில், பெயரிங்குக்குள் நசுங்கும் வேகத்தில் ஒயில் எவ்வளவு தாங்கும் என்பது. 20 தரத்துக்கு ஆகக் குறைந்தது 2.6, 30 தரத்துக்கு 2.9, 40 தரத்தில் 5-40, 10-40 போன்றவற்றுக்கு 3.5, 15-40க்கு 3.7. அலகு மில்லிபாஸ்கல் வினாடி, அதை மறந்தாலும் பரவாயில்லை. இடைவெளி கூடிப்போன எஞ்சினுக்கு இந்த 3.5 தேவைப்படலாம். ட்ராஃபிக்கில் சூடேறி ஐடிலில் நிற்கும்போது ஒயில் விளக்கு மினுக்கினால், அல்லது ஆயிரம் கிலோமீற்றருக்குள் ஒயில் குச்சியில் அளவு கண்ணுக்குத் தெரிய இறங்கினால், அந்த எஞ்சினுக்கு ஒரு படி தடித்த ஒயில் ஊற்றுவதில் நியாயம் இருக்கிறது. அங்கே போகும் ஒரு குதிரைவலுவைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். த்ரீவீல்காரர்கள் 20-50 ஊற்றுவதற்கும் காரணம் உண்டு, அது காற்றால் குளிரும் எஞ்சின். அந்தப் பழக்கத்தை அப்படியே விட்ஸ் காருக்கும் கொண்டுவரும் கராஜ்களில்தான் சிக்கல்.

ஒயிலால் வலு போவதைக் கண்ணால் பார்த்தது என் காரில் அல்ல. மேல்மாடியில் இருக்கும் ரீச்சர் அக்காவின் அக்ஸியோ. "தம்பி, கார் முந்தி மாதிரி இல்ல. ஓவர்ரேக் பண்ணப் பயமா இருக்கு" என்றார். எஞ்சின் லைற்றும் இடைக்கிடை வந்து போனது. ஓட்டிப் பார்த்தேன். கீழ்ச் சுற்றில் ஒன்றும் தெரியவில்லை, 3000 தாண்டும்போது மூச்சுப் பிடித்த மாதிரி. நானாவிடம் கொண்டுபோனோம். அவர் முதலில் செய்தது கம்பியூட்டர் பொருத்துவது அல்ல. ஒயில் குச்சியை இழுத்து, நுனியில் இருந்ததைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் தேய்த்தார். விரலைப் பிரித்தபோது கறுப்பாக ஒரு நூல் இழுத்தது. மணந்து பார்த்தார். "எப்ப மாத்தின?" அக்காவுக்கு ஞாபகமில்லை. கண்ணாடியில் ஒட்டியிருந்த ஸ்ரிக்கரில் எழுத்து வெயிலில் வெளுத்திருந்தது.

இந்த எஞ்சின்களில் விவிடி-ஐ என்ற ஏற்பாடு வால்வு திறக்கும் நேரத்தை முன்பின் நகர்த்துகிறது. அதை நகர்த்துவது மின்சாரம் அல்ல, ஒயிலின் அமுக்கம். ஒரு சின்ன வால்வு ஒயிலை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் விட, கம் தண்டு சில பாகை திரும்பும். அந்த வால்வுக்கு முன்னால் ஒரு வலைப் பில்டர் உண்டு, விரல் நுனி அளவுதான். நானா ஒரு போல்ற்றைக் கழற்றி அதை வெளியே எடுத்தார். வலைக் கண்களே தெரியவில்லை, மேலே கறுத்த பசை. பெற்றோலில் கழுவி, வால்வையும் துப்புரவாக்கி, பில்டரும் ஒயிலும் புதிதாகப் போட்டு, ஆயிரம் கிலோமீற்றரில் மறுபடி மாற்றச் சொன்னார். உள்ளே கரைந்து வரும் அழுக்கு புது ஒயிலையும் சீக்கிரம் கெடுக்கும் என்பதால். அக்காவின் கார் அன்று உண்மையிலேயே பறந்தது. புது ஒயில் வலுவைக் கூட்டவில்லை, பழைய ஒயில் பிடித்து வைத்திருந்ததை விட்டது. அந்த வித்தியாசத்துக்குப் பக்கத்தில் 5-30ஆ 0-20ஆ என்ற வாதம் வெறும் பொழுதுபோக்கு.

அதனால் எப்போது மாற்றுவது என்பதுதான் எதை ஊற்றுவது என்பதைவிடப் பெரிய கேள்வி. ஸ்ரிக்கரில் எழுதுவது கிலோமீற்றர். எஞ்சின் ஓடுவது மணித்தியாலக் கணக்கில். காலி வீதி, பொரளை, பேஸ்லைன் வீதி என்று சராசரி 15 கிலோமீற்றர் வேகத்தில் போகிற காருக்கு 5000 கிலோமீற்றர் என்பது முந்நூற்று முப்பது மணித்தியாலம். மாத்தறைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் 60 இல் ஓடுகிற காருக்கு அதே 5000 என்பது எண்பத்து மூன்று. ஒரே ஸ்ரிக்கர், நாலு மடங்கு வித்தியாசமான ஓட்டம். போதாததற்கு, சூடாகாமல் முடிகிற குறுகிய ஓட்டங்களில் எரியாத பெற்றோல் சிலிண்டர் சுவரால் இறங்கி ஒயிலில் கலக்கும். ஒயில் குச்சியை மணந்தால் தெரியும். கையேட்டில் கடின ஓட்டத்துக்கு என்று தனியாகக் குறுகிய இடைவெளி போட்டிருப்பார்கள். கொழும்புக்குள் மட்டும் ஓடுகிற கார் அந்தப் பட்டியலில்தான் வரும். நான் 5000 இல் மாற்றுகிறேன், விலை கூடிய ஒயில் ஊற்றினாலும்.

விலை கூடிய ஒயில் என்றதும் ஃபுல்லி சிந்தெற்றிக் பற்றி ஒரு வார்த்தை. அந்தச் சொல்லுக்கு எல்லா இடத்திலும் ஒரே பொருள் இல்லை. ஆய்வுகூடத்தில் கட்டியெழுப்பிய மூலக்கூறுகளையும் சிந்தெற்றிக் என்பார்கள், மசகெண்ணெயிலிருந்து எடுத்துக் கடுமையாகச் சுத்திகரித்ததையும் அப்படியே விற்பார்கள். 1999 இல் அமெரிக்காவில் மொபில், காஸ்ட்ரோல் இரண்டுக்கும் இடையே இதுபற்றி எழுந்த விளம்பரத் தகராறில், சுத்திகரித்த வகையையும் அப்படி அழைக்கலாம் என்று முடிவானது. இரண்டுமே நல்ல ஒயில்கள்தான். சூட்டில் கெட்டியாகாமல் நீண்ட நேரம் நிற்பதில் சாதாரண மினரலைவிட முன்னால் நிற்கும். வலுவுக்கு மட்டும் அதைத் தேடாதீர்கள். ஒரே தடிப்பில் உள்ள மினரலும் சிந்தெற்றிக்கும் ஒரே நாளில் அக்சிலேற்றருக்கு ஒன்றுதான்.

போத்தலில் நான் முதலில் பார்ப்பது தரம். அடுத்தது வட்டத்துக்குள் உள்ள ஏபிஐ எழுத்து, அமெரிக்கப் பெற்றோலியக் கழகத்தின் தரக் குறி. 2020 மே மாதத்தில் எஸ்பி வந்தது, அதற்கு முன் எஸ்என். என் பழைய எஞ்சினுக்கு எஸ்என் போதும். டேர்போவும் டைரக்ட் இன்ஜெக்ஷனும் (பெற்றோலை நேரே சிலிண்டருக்குள் பீச்சுவது) சேர்ந்த கார் வைத்திருப்பவர்கள், 1.0 டேர்போ சிவிக், 1.2 டேர்போ சிஎச்-ஆர் போன்றவை, இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது. அந்த எஞ்சின்களில் கீழ்ச் சுற்றில் பாரம் ஏறும்போது எரிபொருள் நேரத்துக்கு முன் தானாகப் பற்றிக்கொண்டு பிஸ்டனையே உடைக்கும் ஒரு கோளாறு உண்டு. ஒயிலில் உள்ள கல்சியம் அதைத் தூண்டுகிறது என்று கண்டபிறகு சேர்மானத்தையே மாற்றினார்கள். எஸ்பி என்ற எழுத்து அதற்கான சோதனையையும் உள்ளடக்கியது. வலு கூடுமா குறையுமா என்பதை விட்டுவிடுங்கள், அங்கே எஞ்சின் இருக்குமா என்பதே ஒயிலில் தங்கியிருக்கிறது.

ஒயிலோடு சேர்த்து ஊற்றச் சொல்லித் தரும் சின்னப் போத்தல்களை நான் வாங்குவதில்லை. அமெரிக்காவில் ஸ்லிக் 50 என்ற சேர்மானத்தின் விளம்பரங்களுக்கு எதிராக அந்த நாட்டு வர்த்தக ஆணைக்குழு எடுத்த வழக்கு 1997 இல் சமரசமாக முடிந்தது, ஆதாரமில்லாமல் தேய்மானம் குறையும் என்று சொல்லக் கூடாது என்ற நிபந்தனையோடு. அதற்குப் பிறகும் பஞ்சிகாவத்தையில் புதுப் புதுப் பெயரில் வந்துகொண்டுதான் இருக்கிறது. ஒயில் வலு கொடுத்த ஒரே இடம் எனக்குத் தெரிந்து ஃபோர்மியுலா வன். அங்கே ஒயிலை எரிபொருளோடு சேர்த்து எரித்தார்கள். போட்டியை மேற்பார்க்கும் எஃப்ஐஏ விழித்துக்கொண்டு 2018 இல் 100 கிலோமீற்றருக்கு 0.6 லீற்றர் என்றும், 2020 இல் 0.3 என்றும் எல்லை போட்டது. நம்மட ஊரில் ஒயிலை எரிக்கிற கார்கள் நீலப் புகைதான் விடுகின்றன, வேகம் கூடுவதைக் காணோம்.

கடைசியாக ஒரு சில்லறை விடயம், ஆனால் அடிக்கடி நடப்பது. என் எஞ்சினுக்குப் பில்டரோடு 3.7 லீற்றர் போதும். கான் நாலு லீற்றர். ஒரு சேர்விஸ் நிலையத்தில் பையன் கானைத் தலைகீழாகக் கவிழ்த்து, கடைசிச் சொட்டு வரும்வரை பிடித்துக்கொண்டு நின்றான், நான் கொடுத்த காசுக்கு ஒன்றும் வீண்போகக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில். முந்நூறு மில்லியால் எஞ்சின் உடைந்துவிடாது. ஆனால் பழைய ஒயில் முழுதாக இறங்காமலும் இருந்து, இதுவும் சேர்ந்தால், கிராங் தண்டு ஒயிலை அடித்து நுரையாக்கத் தொடங்கும். நுரைக்கு அமுக்கமும் இல்லை, வழுக்கும் தன்மையும் இல்லை, வலுவும் அதிலே கரையும். இப்போது காரை இறக்கியதும் சமதரையில் ஐந்து நிமிடம் நிற்கவிட்டுக் குச்சியை நானே பார்க்கிறேன். மேல் புள்ளிக்கு ஒரு நூல் கீழே இருந்தால் சரி. மிச்சமுள்ள முந்நூறு மில்லி கானோடு டிக்கிக்குள் போகிறது, யாழ்ப்பாணம் போகும் வழியில் தேவைப்பட்டால் ஊற்ற. இப்போது உள்ளே இருப்பது 5-30, எஸ்பி. அடுத்த தடவையும் அதுதான்.